காம்பஸ் விளக்குக்கு இழுத்த வயர்

எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு பின்சந்தில் கார் வயரிங் கடை வைத்திருந்தேன். ரேடியோ, ஹாரன், விளக்கு எதுவானாலும் என்னிடம் வருவார்கள். வேலை சுத்தம், வாய்தான் மோசம் என்று பெயர். அந்தப் பெயரில் பாதி பொய் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை மதியம் டாக்சி ஓட்டும் பாய் ஒருவர் சின்னக் காம்பஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை டேஷ்போர்டில் பதித்து, இருட்டினால் முள் தெரிய ஒரு பல்பும் போட வேண்டுமாம். வழி கண்டுபிடிக்கவா என்று கேட்டேன். வழியெல்லாம் மனப்பாடம், இது தொழுகைக்கு என்றார். சவாரி எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கேயே ஓரங்கட்டித் தொழுகிறவர் அவர். மக்கா இருக்கும் திசை மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே, அது பிசகக் கூடாது.

சரியாகக் காட்டுமா என்று நாலு தடவை கேட்டார். எனக்கு எரிச்சல். சாயங்காலம் மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி, அதற்குள் கடையைச் சாத்த வேண்டும்.

"நான் போட்டா காட்டும்லா பாய்" என்று கடித்து வைத்தேன்.

காம்பஸ் பக்கத்தில் கரண்ட் ஓடினால் முள் இழுபடும். போகிற வயரையும் வருகிற வயரையும் ஒன்றாக முறுக்கிக் கொண்டுபோனால் ஒன்றின் இழுப்பை மற்றது சரிக்கட்டிவிடும். முன்பு படகுகளில் வேலை பார்த்தவன், எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அவசரத்தில் அப்படிச் செய்யவில்லை. பார்க்கிங் விளக்குக்குப் போகும் வயரைக் காம்பஸின் முதுகை ஒட்டி இழுத்து, அதிலிருந்தே பல்புக்கும் எடுத்து, பல்பின் மறுமுனையை வண்டித் தகரத்தில் திருகிவிட்டேன். முறுக்குவதற்குத் திரும்பி வரும் வயரே கிடையாது. விளக்கைப் போட்டால் முள் பிசகும் என்பதால், போடாமலே முள்ளைக் காட்டி அனுப்பினேன்.

நாலு மாதம் கழித்து வந்தார். ஜூரோங்கில் கப்பல் பட்டறை வாசலில் ஒரு சவாரிக்காக நெடுநேரம் காத்திருந்தாராம். வண்டி அசையவே இல்லை. பிற்பகல் தொழுகைக்குப் பார்த்தபோது காம்பஸ் காட்டிய திசையில் ஒரு புகைபோக்கி இருந்தது. பொழுது சாய்ந்து, விளக்கைப் போட்டு, மக்ரிப் தொழுகைக்குப் பார்த்தால் அதே காம்பஸ் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காட்டியது. கோபமே இல்லாமல் சொன்னார்.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தேன், முகத்தை மறைக்கத்தான்.

"வெயில்தான் பாய். வெயில்ல காம்பஸ் கொஞ்சம் கெட்டுப்போயிருக்கு, சரி பண்ணித் தாரேன்."

என் தப்புதான், எப்போதும் வெயிலிலேயே நிறுத்துகிறேன் என்றார் அவர். நான் பார்க்கிங் விளக்கு வயரைக் காம்பஸுக்கு எட்டத்தில் கட்டி, பல்புக்குப் போகிற வயரையும் வருகிற வயரையும் முறுக்கி இழுத்தேன். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முள் ஆடவில்லை.

பிறகு, இதை என்றைக்கு மாட்டினோம் என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"அன்னையிலேருந்து ரோட்டோரமா தொழுத மக்ரிப் எல்லாத்தையும் திரும்பத் தொழணும் தம்பி. ராத்திரித் தொழுகை வீட்டுலதான். ஒண்ணுகூட விடக்கூடாது, அதான்."

பில் புத்தகத்தைப் புரட்டித் தேதியைச் சொன்னேன். அதில் மட்டும் பொய் சொல்லவில்லை. முதலாவதை இங்கேயே தொழுதுவிடலாமா என்று கேட்டார். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்தேன். அவர் காம்பஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்னு நீங்களே காட்டுங்க தம்பி."

கையை நீட்டினேன். துளிச் சந்தேகமில்லாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றார். சொல்லிவிடு, இப்போதே சொல்லித் தொலை என்று உள்ளே அடித்துக்கொண்டது. அதற்குள் அவர் கை கட்டித் தொழத் தொடங்கிவிட்டார்.

முடித்து எழுந்ததும் எனக்காகவும் அல்லாவிடம் துவா கேட்டதாகச் சொன்னார். வேறு கடையாக இருந்தால் புதுசு வாங்கச் சொல்லி ஏமாற்றியிருப்பார்களாம். "சரி பாய்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது.

அந்த வாரமே மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாயிடம் போய் உண்மையைச் சொல் என்றார், மூன்று அருள்நிறை மந்திரமும் சொல்லச் சொன்னார். மந்திரத்தைக் கோயில் பெஞ்சிலேயே முடித்துவிட்டேன். பாயிடம் போகவில்லை. அதற்குப் பிறகும் அவர் எத்தனையோ தடவை கடைக்கு வந்தார். நாலு மாத மக்ரிபையும் தொழுது முடித்துவிட்டாரா என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.