தொலைந்த பெற்றோர் இங்கே கிடைப்பார்கள்

“யாரைத் தொலைச்சுட்டு வந்திருக்கே?”

மைக் அக்காவின் முதல் கேள்வி எப்போதும் இதுதான். எதிரில் நிற்கும் குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நான்தான் தொலைஞ்சுட்டேன்” என்று சொல்லும்.

“நீ எங்க தொலைஞ்சே? என் கண்ணு முன்னாடிதானே நிக்கறே. காணாமப் போனது உங்கப்பா. அவர் என்ன கலர் சட்டை, அதைச் சொல்லு.”

அவ்வளவுதான். ஆற்று வெள்ளமாகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த குழந்தைக்கு அந்த நிமிஷமே பொறுப்பு வந்துவிடும். பாவம் அப்பா, எந்தக் கடையில் நின்று தவிக்கிறாரோ என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அடையாளம் சொல்லத் தொடங்கும்.

மைக் அக்கா இருப்பது கலைக் கிராமத்தின் தகவல் அறையில். கிராமம் என்று பெயரே தவிர, அங்கே ஒருவரும் குடியிருப்பதில்லை. குடிசை போலக் கட்டிய கடைகளில், குடிசையில் இருப்பவர்கள் வாங்க முடியாத பொருள்கள் விற்பனைக்கு இருக்கும். குழந்தைகள் களிமண் பிசைந்து பழகும் இடத்தில், “கையை அழுக்காக்கிக்காதே” என்று பெற்றோர் அதட்டிக்கொண்டு நிற்பார்கள். இந்த விடுமுறையில் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் என் தங்கை தன் இரண்டு பிள்ளைகளுக்குக் கலையார்வம் ஊட்ட அங்கே வந்தாள். அவள் கடைகடையாக ஏறி இறங்க, பிள்ளைகளுக்கும் பைகளுக்கும் காவலாக நான் தகவல் அறைக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்கு ஐம்பது வயது நெருங்கும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி, இடது முழங்காலில் உறை. பேசுவதற்கு முன்னால் பேனாவால் மைக்கின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். டப்பாவில் பிஸ்கட் உண்டு. வரும் குழந்தைக்குப் பாதி, பெற்றோர் கிடைத்ததும் மீதிப் பாதி. “முழுசாக் குடுத்துட்டா இங்கயே தங்கிடுதுங்க” என்பது அவர் விளக்கம்.

ஒரு பதிவேடும் உண்டு. அதில் ‘காணாமல் போனவர்’ என்று ஒரு கட்டம், ‘கண்டுபிடித்தவர் கையெழுத்து’ என்று இன்னொரு கட்டம். முதல் கட்டத்தில் அப்பா அம்மாவின் பெயரைத்தான் எழுதுவார் அக்கா. கையெழுத்தைக் குழந்தைதான் போட வேண்டும். எழுதத் தெரியாதது மீன் வரையும், சூரியன் வரையும். ஒரு பெரிய மனிதர், மூன்று வயது மகன் பாம்பு வரைந்து முடிக்கும்வரை கைகட்டி நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

அறிவிப்புகளைக் கேட்க வேண்டும். “ஓர் அப்பாவைக் காணவில்லை. நீலக் கோடு போட்ட சட்டை. வழுக்கை தெரியாமல் இருக்க ஒரு பக்க முடியை மறுபக்கம் சீவியிருப்பாராம். போனில் சிரித்துக்கொண்டே போய்விட்டாராம். கண்டெடுப்பவர்கள் தகவல் அறையில் சேர்க்கவும். மகள் பத்திரமாக இருக்கிறாள்.” குழந்தை சொன்னதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சேர்ப்பதில்லை. குழந்தைகளோ எதையும் விடுவதில்லை.

நீலக் கோட்டுச் சட்டைக்காரர் புகார் எழுதிக் கொடுத்தார். மறுவாரமே மேலாளர் அச்சடித்த வாசகம் ஒன்றைக் கொண்டுவந்து மைக்கின் கீழே ஒட்டினார். ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, உங்கள் செல்வம் எங்கள் பாதுகாப்பில் மகிழ்ச்சியாக உள்ளது.’

“இதை மட்டும் படிங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா மைக் உங்க கையில இருக்காது. வண்டி நிறுத்துற இடத்துல நின்னு சீட்டு கிழிக்க வேண்டியதுதான்.”

“நாள் பூரா நிக்க என் கால் கேக்காது சார்.”

“அப்போ வாய் கேக்கட்டும்” என்றார் மேலாளர். மனிதருக்கு இவ்வளவு நன்றாகப் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த அன்பான வாசகம் வந்தபிறகு ஒரு விந்தை நடந்தது. பிள்ளைகள் தொலைவது இரட்டிப்பானது. மின்விசிறி உண்டு, வண்ணப் பென்சில் உண்டு, பிஸ்கட் உண்டு, செல்வம் மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. பிறகென்ன அவசரம்? ஒரு மணி நேரம் கழித்துத்தான் தாய் ஓடி வருவாள். “உன்னை எங்கெல்லாம் தேடினேன் கண்ணே” என்று கட்டியணைத்துக் கதறுவாள். எங்கெல்லாம் தேடினாள் என்பதைத் தோளில் தொங்கும் பைகளில் கடைவாரியாகப் படித்துக்கொள்ளலாம். தொடர்கதை எழுதுகிற நானே ஒரு அத்தியாயத்தில் அவ்வளவு கண்ணீரை வைக்கத் துணிய மாட்டேன்.

ரெட்டைப் பின்னல் போட்ட ஏழு வயதுப் பெண் ஒருத்தி மூன்று ஞாயிறு தொடர்ந்து தொலைந்தாள். முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் அழவில்லை. நான்காவது ஞாயிறன்று தண்ணீர் பாட்டில், கதைப் புத்தகம், சீவிய பென்சில் எல்லாவற்றோடும் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

“மைக்ல சொல்ல வேணாம் அக்கா. அம்மா துணிக்கடை முடிச்சு, கண்ணாடிக் கடை முடிச்சு, அப்புறம்தான் வருவாங்க.”

அக்கா பாதி பிஸ்கட்டை நீட்டினார். அதைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே குழந்தை கேட்டது: “ஒரு நாள் அம்மா மறந்துட்டாங்கன்னா, கடையெல்லாம் மூடினப்புறம் என்னை எங்க வெப்பீங்க?”

அக்கா டப்பாவைத் திறந்து மீதிப் பாதியையும் எடுத்து அவள் மடியில் வைத்தார். பேனாவால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, அச்சடித்த வாசகத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தார். கால் மணி நேரம் போனது. மறுபடி படித்தார். யாரும் வரவில்லை. மேலாளர் நாலடி தள்ளி, தன் வாசகத்தின் அழகை ரசித்தபடி நின்றிருந்தார்.

அக்கா மைக்கின் கழுத்தை வளைத்துக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கினார். “நீயே சொல்லும்மா. நான் வாயத் திறந்தாத்தானே தப்பு.”

“என்ன சொல்லணும்?”

“உனக்கு என்ன தோணுதோ அது.”

குழந்தை பள்ளியில் வாசிப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தது. “அம்மா, நான் காணாமப் போகல. நீங்க விட்டுட்டுப் போன இடத்துலயேதான் இருக்கேன். போன வாரமும் இங்கதான் இருந்தேன்.”

அத்தனை ஒலிபெருக்கியிலும் அந்தக் குரல் போய் விழுந்தது. கண்ணாடிக் கடையில் உருகிய கண்ணாடியை ஊதிக்கொண்டிருந்தவர் ஊதுவதை நிறுத்தினார். அப்புறம் காலடிச் சத்தம். துணிக்கடையிலிருந்து, மரப் பொம்மைக் கடையிலிருந்து, ஓவியக் கூடத்திலிருந்து பெற்றோர்கள் ஓடி வந்தார்கள். எண்ணினேன், பதினோரு பேர். யார் குழந்தையின் குரல் என்று ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அவர்களில் என் தங்கையும் ஒருத்தி. அவள் பிள்ளைகள் இரண்டும் என் பக்கத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தன. “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளின் தலையை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தாள்.

ரெட்டைப் பின்னலின் தாய் ஏழாவதாக வந்தாள். நான்கு பைகள். “உன்னை எங்கெல்லாம்…” என்று வழக்கப்படி ஆரம்பித்தவளுக்கு, சுற்றிப் பத்துப் பேர் பார்ப்பது தெரிந்ததும் அழுகை கோபமாக மாறியது.

“இந்தம்மா என் பிள்ளையை விட்டு என் மானத்தை வாங்குது. இதைச் சும்மா விடப் போறதில்ல. புகார் எழுதறேன், பேப்பர் குடுங்க.”

மேலாளர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. இடது கையால் மைக்கைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, வலது கையால் பதிவேட்டைத் திறந்து, தாயின் பெயரை முதல் கட்டத்தில் எழுதி, பேனாவைத் துடைத்துக் குழந்தையிடம் நீட்டினார்.