நேத்து வச்ச சாளைக் குழம்பு

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துல வேலை. வந்து நிக்கிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கறி எல்லாம் கொண்டு போய்க் கொடுக்கணும். கப்பல் சமையல்காரங்க அவரை வெறும் வயித்தோட அனுப்ப மாட்டாங்க. சாப்பிட வச்சு, எனக்கும் ஒரு டப்பாவுல போட்டு விடுவாங்க. எங்க ஊரு முத்தையாபுரத்தைத் தாண்டாமலே பாதி உலகத்தை நான் தின்னு பாத்தது இப்படித்தான்.

துருக்கிக்காரங்க பருப்பு சூப், நம்ம பருப்புத் தண்ணியில எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி. காய்ச்சல் வாய்க்கு அவ்வளவு இதம். உக்ரைன்காரங்க பீட்ரூட் சூப்பைப் பாத்து "ஐயே, என்ன நிறம் இது!"ன்னு முகத்தைச் சுளிச்சவ, கடைசியில டப்பாவை வழிச்சு நக்கினேன். கொரியாக்காரங்க புளிக்க வச்ச முட்டைக்கோஸைத் திறந்ததும் வீடே நாறிப்போச்சு. ரெண்டு வாய் தின்ன பெறகு நிறுத்தத்தான் முடியல. எல்லாத்துலயும் எனக்குப் பிடிச்சது பிலிப்பைன்ஸ் அடோபோ. கோழியை வினிகர், சோயா சாஸ், பூண்டு போட்டுச் சுண்ட வைக்கிறது. நம்மள மாதிரியே அவங்களுக்கும் புளிப்பு இல்லாமச் சோறு இறங்காது போல.

இந்த மனுசன் அதையெல்லாம் தின்னுட்டு "ஆகா!"ன்னு கண்ணை மூடுவாரு பாருங்க, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வரும். கட்டிக்கிட்டு வந்த நாள்லருந்து என் குழம்புக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாது. கேட்டா "ம்"ம்பாரு. அந்த ஒரு வார்த்தைக்கு நான் ஏங்கிக் கிடந்தேன், வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன்.

போன வருசம் அந்த அடோபோ சமையல்காரரையே ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வாரேன்னாரு. விடுவனா நான்? பிரியாணி, கோழி வறுவல், நண்டு மசாலான்னு அமர்க்களப்படுத்திட்டேன். முந்தின நாள் வச்ச சாளைக் குழம்பு சட்டியில பாதி கிடந்துச்சு. எங்க பக்கம் மீன் குழம்புக்கு மறுநாள்தான் ருசி ஏறும். ஆனா அது வீட்டு ஆளுகளுக்கு மட்டும். விருந்தாளிக்குப் பழைய குழம்பை ஊத்தினா மானம் போயிரும். சட்டியை அடுப்படி மூலையில தள்ளி வச்சேன்.

வந்தவரு மரியாதையா எல்லாத்தையும் சாப்பிட்டாரு. முடிச்சதும் தன் தட்டைத் தானே கழுவணும்னு அடுப்படிக்குள்ள போயிட்டாரு, கப்பல் பழக்கம். பின்னாலயே ஓடினேன். அதுக்குள்ள வாசம் பிடிச்சுச் சட்டி மூடியைத் தூக்கிட்டாரு.

"ஐயையோ, அது நேத்தோடது! அவர்ட்ட சொல்லுங்க!"ன்னு கத்தினேன்.

என் வீட்டுக்காரர் இங்கிலீஷ்ல சொன்னாரு. வந்தவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவர் வீட்லயும் வந்தவங்களுக்கு அன்னைக்கு வச்ச அடோபோவாம், ஊறிப்போன மறுநாள் அடோபோ வீட்டு ஆளுகளுக்காம். அப்புறம் என்ன, கையாலயே சோத்தைப் பிசைஞ்சு, சட்டியை வழிச்சுத் தின்னுட்டுத்தான் எந்திரிச்சாரு.

கையைக் கழுவிட்டு இவர்ட்ட ஏதோ கேட்டாரு. இவர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டே பதில் சொன்னாரு.

"என்னங்க கேக்காரு?"

"இத்தனை தடவை கப்பலுக்கு வந்தியே, இதை ஒரு நாளாவது கொண்டு வந்தியான்னு கேக்காரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கொண்டு வந்தா மறுநாளைக்கு எனக்கு மிஞ்சாதுன்னு சொன்னேன்."

"அடப்பாவி மனுசா! இதை என்கிட்ட சொன்னா வாயிலருந்து முத்து உதிர்ந்துருமோ?"

இவர் காதுல அது விழவே இல்ல. வெறுஞ்சட்டிக்குள்ள எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாரு. "ஏளா, எனக்கு ஒரு துண்டு கூட எடுத்து வைக்கலையா?"ன்னு கேக்கும்போது குரல் நெசமாவே உடைஞ்சிருந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல.