சாமியை நிறுத்திய பேனர்

பள்ளியின் பெயர் ஊரில் ஒருத்தர் கண்ணிலிருந்தும் தப்பக்கூடாது, மக்கள் தொடர்பு என்றால் அவ்வளவுதான் என்று நம்பியவன் நான். ஒரு தனியார் பள்ளியில் பி.ஆர்.ஓ.வாகச் சேர்ந்த முதல் வருடம். அட்மிஷன் மந்தம். கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார்.

வைகாசி உற்சவம் வந்தது. ஊரே தெருவில் நிற்கும், விடுவேனா? பெரிய காஞ்சிபுரத்தில் சாமி புறப்பாடு வரும் தெருவின் குறுக்கே, மாடிக்கு மாடி கயிறு இழுத்து எல்.கே.ஜி. சேர்க்கை பேனர் கட்டினேன். கீழே என் செல் நம்பர். பஸ் இடிக்காத உயரமா என்று கவனமாகப் பார்த்தேன். வாகனத்துக்கு மேல் பிடித்து வரும் குடையை மறந்துவிட்டேன்.

காலையில் மேளதாளத்தோடு வந்த சாமி என் பேனருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"எவன்டா இத்த கட்டனது? தோள் பட்டை கழண்டுக்கினு போவுது, அவுருங்கடா!" என்று சாமி தூக்குகிறவர் ஒருவர் கத்தினார்.

நானும் கூட்டத்தோடு சேர்ந்து, "அதானே, எவன்டா?" என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தேன். அந்த வீட்டு அம்மா கத்தரிக்கோலை நீட்டி, "பல்லு பூடப்போவுது, இந்தாபா" என்றார்.

கயிற்றை அறுத்தேன். சாமி நகர்ந்தார். அதற்குள் தெருவெல்லாம் வீடியோ எடுத்துவிட்டார்கள்.

கரஸ்பாண்டென்ட் போனில் வந்தார். "சாமியையே நிறுத்திட்டியாமே? அட்மிஷன் படுத்துச்சுன்னா நீ வீட்லயே இருந்துக்கய்யா."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வருத்த அறிக்கை எழுதினேன். முதல் வரி முடிவதற்குள் போன் அடித்தது.

"ஸ்கூலா? தறிய நிறுத்திட்டு சாமி பாக்க வந்தா, உன் பேனரயா பாக்கறது?"

"எதிர்பாராத சூழ்நிலையில் நிர்வாகத்தின் கவனத்தை மீறி..." என்று வாசித்தேன்.

"யோவ், இன்னாய்யா படிச்சிக்கினு இருக்கிற? தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு."

"தப்புதாங்க."

"அவ்ளோதான். சரி, எல்கேஜில சீட்டு இருக்குதா?"

அறிக்கையைக் கிழித்துப் போட்டேன். அதன்பிறகு கூப்பிட்டவர்களிடம் முதல் வார்த்தையே "தப்புதாங்க"தான். திட்டுவதற்காக மெனக்கெட்டு நம்பரைத் தேடிக் கூப்பிடுகிறவர் நம்மை விட்டுப் போனவர் இல்லை என்பது இந்தத் தொழிலில் நான் கற்ற ஒரே பாடம்.

அந்த வருடம் எல்.கே.ஜி.க்கு இன்னொரு செக்‌ஷன் திறந்தோம். என் வேலை போகவில்லை.