ஸ்டெப்னி அல்லாத பிளக்

உத்திரமேரூர் மெக்கானிக் காதோரம் நரைத்தவர். எந்தக் காரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினாலும் முதலில் மோந்து பார்ப்பார்.

வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன பந்தயக் காரை வாங்கிய முதலாளிக்கு நான் டிரைவர். அதில் சிலிண்டருக்கு இரண்டு பிளக். இரண்டாவது வெறும் உபரி, ஸ்டெப்னி மாதிரி என்று முதலாளி அதன் ஒயர்களைப் பிடுங்கிவிட்டார். அன்றிலிருந்து மேட்டில் கார் திணறியது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம்; பிளக்கை மோந்து பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்:

“ஸ்டெப்னி இல்ல சாமி. உள்ள எடம் வைக்கப்போரு கணக்கா பெருசா கீது. ஒரு பக்கம் கொளுத்துனா, அந்தாண்ட எரியறதுக்குள்ள பிஸ்டன் எறங்கிடும். ரெண்டு பக்கமும் கொளுத்தணும்.”

“கூலிக்காரன் மவன் எனக்குப் பாடம் நடத்தறியா?” என்று முதலாளி சீறினார்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். “ஓட்டிக்கினு கீறவன் நீ. உனக்குமா தெரியல?”

ஒயரைப் பிடுங்கிய அன்றே எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆத்திரம் இன்னும் இரண்டு பக்கமும் எரிகிறது: ஒன்று முதலாளி மேல், ஒன்று என் மேல்.