ரமாபாய் தனக்கு எடுத்த இரண்டு கார்டு

எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டு பிளாக்கில் ரமாபாய் டாரட் என்னும் படச்சீட்டு வைத்துக் கார்டு பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவள் அப்பா சுப்பராயன் கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. புத்தர் படம் மாட்டிய வீடு அது. பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுதியதில்லை, ராகு காலம் பார்த்ததில்லை. மகள் கல்யாணத்தையே ஆடி மாதத்தில் வைத்து அக்கம்பக்கத்தின் வாயை அடைத்த மனுஷன். அவர் பெற்ற பெண் சீட்டைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

"நடக்கப்போறத நான் சொல்லல நைனா. படத்த வெச்சிகினு பேசறோம், அவ்ளோதான்" என்றாள் ரமாபாய்.

உண்மையும் அதுதான். போனில் யாரோ ஒருத்தி பேசிய வீடியோவைப் பார்த்து, அந்தப் படங்களின் மேல் ஆசைப்பட்டு வாங்கிய சீட்டுக்கட்டு. வருகிற பெண்களிடம் அவள் கேட்பது ஒரே ஒரு கேள்வி: "படத்துல உன் கண்ணு மொதல்ல எங்க போச்சு?" அவ்வளவுதான், வந்தவள் தன் கதையைத் தானே கொட்டிவிடுவாள். ஒருத்தி படத்திலிருந்த நாயைப் பார்த்துவிட்டு மாமியாரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிவிட்டுப் போனாள். அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வதில் ரமாபாய்க்கு அப்படி ஓர் ஆசை. அதை வம்பு என்று சொன்னால் மட்டும் கோபித்துக்கொள்வாள்.

ஊருக்கெல்லாம் பார்த்தவளுக்குத் தன் விஷயத்தில்தான் ஒன்றும் ஓடவில்லை. தண்டையார்பேட்டையில் ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் கம்பெனியில் அவள் டெய்லர். மேனேஜர் கூப்பிட்டு, சூப்பர்வைசர் ஆகிறாயா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசனை வளர்ந்துகொண்டே போனது.

பக்கத்து மெஷினில் தைக்கும் சில்வியாதான் காரணம். ராயபுரத்துக்காரி. சில்வியா கொண்டுவரும் மீன் குழம்பில் பாதி ரமாபாய்க்கு, ரமாபாய் கொண்டுவரும் எதிலும் பாதி சில்வியாவுக்கு. சூப்பர்வைசர் ஆனால் அதே சில்வியாவிடம் போய், தைத்த பீஸ் ஏன் கம்மி என்று கேட்க வேண்டும். வாய் வருமா? வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை. இத்தனை வருஷம் குனிந்தே தைத்தாயிற்று, ஒரு தடவை நிமிர்ந்து நிற்க அவளுக்கும் ஆசைதான்.

அவள் வேண்டாம் என்றால் அந்த வேலை சில்வியாவுக்கு. அதையும் மேனேஜர் இருவரிடமும் சொல்லியிருந்தார். சில்வியாவை மணலியில் வேறொரு கம்பெனியும் இதே வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. "நீ ஒண்ணு சொல்லிட்டா, நானும் அவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுவேன்டி" என்று சில்வியா ஒருமுறை சொன்னாள். ரமாபாய் தலையாட்டினாள். அதோடு மறந்தும் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தனக்கென்று இரண்டு கார்டை உருவினாள். முதலில் வந்தவள் பேரரசி. காலடியில் விளைந்த கதிர், பின்னால் மரங்கள், மாதுளம்பழம் போட்ட தொளதொள கவுன். வளர்ச்சிக்கான கார்டு என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். ரமாபாயின் கண் முதலில் போனது கவுனின் தையலுக்கு. இரண்டாவதில் கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருத்தி, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு வாள்களைப் பிடித்தபடி கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். இதுவா அதுவா என்று தெரியாமல் நிற்பவளின் கார்டு. கடலில் பாறைகள் வேறு. எண்ணூர் ரோட்டோரம் கொட்டிவைத்த கல்லில் இப்படி முதுகு காட்டி உட்கார்ந்தால் அலை வந்து அடித்துவிட்டுப் போகும் என்று நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது அவள் புருஷன் பாரி வந்து எட்டிப் பார்த்தான். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஹைட்ரா கிரேன் ஓட்டுகிறவன்.

"இன்னாபா, உன் கண்ணு மொதல்ல எங்க போச்சு?" என்று பழக்க தோஷத்தில் கேட்டாள்.

"கையிலதான். எங்க யார்டுல சிக்னல் காட்டறவன் கைய இப்டி குறுக்கால வெச்சான்னா, தூக்கனத அப்டியே நிறுத்துன்னு அர்த்தம். இவ கண்ணயும் கட்டிகினு சிக்னல் குடுக்கறா பாரு, வெளங்கிடும்."

ரமாபாய் சிரித்தாள். "நிறுத்தனா சேஃப்டி தான?"

"இன்னா சேஃப்டி? இரும்பு அந்தரத்துல தொங்கினு கீது. இங்க எறக்கு, இல்லாங்காட்டி அங்க எறக்கு. நிறுத்தி வெச்சா மொதல்ல கீழதான் பாக்கணும், எவனாவது நின்னுகினு கீறானான்னு."

அவன் டீ போடப் போய்விட்டான். ரமாபாய் கார்டின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஆனால் அவளுக்குச் சில்வியாவின் முகம் தெரிந்தது. 'நீ ஒண்ணு சொல்லிட்டா' என்று அவள் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் மெஷின் ஓடுவதற்கு முன்பே சில்வியாவின் கையைப் பிடித்தாள். "நான் ஒத்துக்கலாம்னு கீறேன்டி. நீ மணலிக்கு சொல்லிடு."

சில்வியா நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "அவங்க சனிக்கிழமையே வேற ஆள போட்டுட்டாங்க. எவ்ளோ நாளுதான் பாப்பாங்க?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீ தலையாட்டன."

ரமாபாய்க்கு அழுகை முட்டியது. "அப்போ நான் வாணான்னுட்றேன். நீ சூப்பர்வைசரா போ."

"எனக்காவ நீ வாணான்னு சொன்னன்னா, அப்பறம் உன் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன். போய் சரின்னு சொல்லு" என்றாள் சில்வியா. கோபமாகத்தான் சொன்னாள். மத்தியானம் குழம்பில் பாதியை வழக்கம்போலத் தள்ளி வைத்தாள், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.

ரமாபாய் இப்போது சூப்பர்வைசர். பீஸ் கம்மி என்று கேட்க வாய் வருகிறது, சில்வியாவிடமும்தான். அவர்கள் பேசிக்கொள்ளத் தொடங்கி ரொம்ப நாளாகிவிட்டது. கார்டு பார்க்க வருகிறவர்களிடம் ரமாபாய் இன்னொரு கேள்வியும் கேட்கிறாள்: "நீ சொல்லுவன்னு யாரு காத்துகினு கீறாங்க?" வருகிறவர்கள் யோசிப்பார்கள். அவளுக்கு மட்டும், சாயங்காலம் வேலை விட்டு இருவரும் நிற்கும்போது மணலி பஸ் வந்தால், அது போகிறவரை சில்வியாவின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.