பட்டினியாக அனுப்ப வேண்டிய மீன்கள்

காலை ஐந்து மணிக்குப் போளூரை விட்டுக் கிளம்பினோம். வேனின் பின்புறம் இருபது அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் பை. அடியில் தண்ணீர், மேலே ஆக்ஸிஜன், நடுவே விரல் நீளச் சேல்கெண்டைக் குஞ்சுகள். சாத்தனூர் பக்கம் தென்பெண்ணையில் அவற்றை விடவேண்டும். எழுபது கிலோமீட்டர். வேன் வாடகை அறுநூறு ரூபாய். அது தொண்ணூறுகளின் கடைசி, புரட்டாசி மாதம்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மீன் பண்ணை வைத்திருக்கும் காதர் பாய் முன்னால், டிரைவர் சேகர் பக்கத்தில் இருந்தார். ஜன்னலோரம் நான். பள்ளிக்கூட டீச்சர், பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்று சொல்லித் தொற்றிக்கொண்டவள். ஆற்றில் சேல்கெண்டை அருகிவிட்டது. வலைக்காரர்களிடம் கெஞ்சி இரண்டு ஜோடித் தாய்மீன்களை வாங்கி, ஊசி போட்டு முட்டையிட வைத்து, மூன்று மாதம் வளர்த்தவர் பாய். போன வருடம் ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. அந்த வருடத் தாய்மீன்களும் பிழைக்கவில்லை. ஆகவே இந்த ஒரு ஈட்டுக் குஞ்சுகள்தான் அவர் கையில் இருந்தன.

கலசபாக்கம் தாண்டியதும், "ராத்திரி சாப்பிடாம எப்படி இருக்கும் இதுங்க?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"நேத்து காலையிலருந்தே ஒண்ணும் போடலங்க டீச்சர். வயிறு காலியா இருந்தாத்தான் பையில தண்ணி கெடாது. தின்னுட்டு வந்தா அதுங்க கழிவே அதுங்களுக்கு விஷம். காலியா இருந்தா மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் கவலையே இல்ல."

விடியுமுன் நாலு மணிக்கு, பாய் வேனைக் கூட்டிவரப் போயிருந்தபோது, பையில் அடைக்குமுன் விட்டுவைத்திருந்த துணித்தொட்டியில் வாயைத் திறந்து திறந்து மூடிய குஞ்சுகளுக்கு இரண்டு கை தவிடு போட்டவள் நான். ஊருக்குக் கிளம்பும் யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு வாய் நீளம் என்பார்கள். அன்று அந்த வாய் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஆறேகாலுக்கு வேங்கிக்கால். டீ இரண்டு ரூபாய். என் கிளாஸ் அப்படியே ஆறிப்போனது. அன்று பௌர்ணமி, கிரிவல நாள். "மத்தியானம்தாங்க பௌர்ணமி பொறக்குது. அதுக்குள்ள தாண்டிடலாம்" என்று சேகர் ஊருக்குள் போகாமல் மலையைச் சுற்றிப் போகும் சாலையில் விட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையிலேயே நடக்க வந்துவிடுவார்கள் என்பதை மறந்துவிட்டார். ஏழு மணிக்கு அடி அண்ணாமலையில் சாலை முழுவதும் கிரிவலக் கூட்டம். முன்னாலும் போக வழியில்லை, பின்னாலும் இல்லை.

பாய் பதறவே இல்லை. "நேரம் ஜாஸ்தியா இருக்கு. கூட்டம் குறையட்டும்" என்று தலையைச் சாய்த்துக்கொண்டார். அந்த நிம்மதிதான் என்னை நடுங்க வைத்தது. நான் போட்ட தவிடு அவருக்குத் தெரியாதே!

ஏழே முக்காலுக்குப் பின்பக்கம் போய் ஒரு பெட்டியைத் திறந்தேன். தண்ணீர் கழுநீராகக் கலங்கியிருந்தது. குஞ்சுகள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. இரண்டு மல்லாந்து கிடந்தன. இனியும் மறைத்தால் நானே கொன்றவளாவேன்.

"பாய், காலையில நான் தவிடு போட்டுட்டேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. உடனே இறங்கிவிட்டார். "பையைத் திறந்தா ஆக்ஸிஜன் போயிடும். திறக்கலன்னா அதுங்க போயிடும். சேகரு, தண்ணி எங்கப்பா?"

சாலையோரம் ஏழுமலை என்பவரின் கிணறு. அவர் வீட்டு வாசலில் கிரிவலக்காரர்களுக்குப் பொங்கல் போட்டுக்கொண்டிருந்தார். மோட்டார் போடச் சொன்னோம்.

"கரண்ட் பன்னெண்டு மணிக்குத்தாங்க வரும். தொட்டியில நேத்து ரொப்புன தண்ணி இருக்குது, ஊத்திக்கோங்க."

பைகளைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சநேரம் மிதக்கவிட்டு, ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கவிழ்த்தோம். "தேங்கின தண்ணில காத்து கம்மி. மொண்டு ஒசரத்துலருந்து ஊத்துங்க, நிறுத்தாதீங்க" என்றார் பாய். எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை ஊற்றினோம். கை ஓய்ந்தால் குஞ்சுகள் மேலே வந்து வாய் பிளக்கும். நான் ஓயவில்லை. எனக்கு அவ்வளவு பயம். நடந்து போனவர்களில் சிலர் நின்று பத்து வாளி ஊற்றிவிட்டு, ஏன் என்றுகூடக் கேட்காமல் போனார்கள்.

மோட்டார் தண்ணீர் விழுந்தபோதுதான் பாய் உட்கார்ந்தார். பொங்கல் காலியான இரண்டு அண்டாக்களை ஏழுமலை கழுவித் தந்தார். பிழைத்தவற்றை அதில் ஏற்றிக்கொண்டு, கையால் தண்ணீரை அலைத்தபடியே, ஏழுமலை காட்டிய கிராமத்துச் சாலைகளில் ஊர்ந்து, மூன்று மணிக்கு ஆற்றங்கரை சேர்ந்தோம்.

ஆற்றுத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக அண்டாவில் கலந்து, பிறகு மெல்லச் சாய்த்தார் பாய். பாதிதான் மிச்சம். குஞ்சுகள் கரையோரத்தில் திகைத்து நின்றன.

அடி அண்ணாமலையில் சேகர் வாங்கிய பொரிப் பொட்டலம் ஒன்றைப் பாய் என்னிடம் நீட்டினார். "இப்ப போடலாங்க டீச்சர். இது அதுங்க ஆறு. ஒண்ணும் ஆகாது."

ஒரு கை அள்ளினேன். குஞ்சுகள் ஆழத்துக்குப் போய் மறையும்வரை அந்தக் கையை என்னால் விரிக்க முடியவில்லை. போளூர் வந்து சேர்ந்தபோதும் பொட்டலம் என் மடியில்தான் இருந்தது.