என்ஜின் உட்காரும் இடம்

எங்கள் வீட்டுக் காருக்கு ஆட்டம் வந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் என்றால் சாதாரண ஆட்டம் இல்லை. நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்தால் போதும், நான்கு கதவுக் கண்ணாடிகளும் கடகடவென்று அடித்துக்கொள்ளும். முன்னால் மாட்டியிருந்த பெருமாள் படம் கோணிக்கொள்ளும். பின் சீட்டில் இருப்பவர்கள் வாயைத் திறந்தால் பேச்சு துண்டு துண்டாக வரும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வேண்டுமென்றே 'ஆ' என்று இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், குரல் தானாக நடுங்கும்.

பெரியவர்களுக்கு அது விளையாட்டாக இல்லை. ஆந்திர எல்லையில் நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவில் முதன்முதலில் ஸ்டியரிங் பிடித்தவர் என் அப்பா, எங்கள் நைனாதான். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் பிடித்தவர். நைனா பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி, தினமும் காலையில் நகரியில் ஆள் ஏற்றி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போய், சாயங்காலம் திரும்புவார். அந்தக் கார் ஓடினால்தான் எங்கள் அடுப்பு எரியும். ஆட்டம் வந்த பிறகும் ஓட்டத்தை அவர் நிறுத்தவில்லை. ஒருநாள் திருப்பதியில் ஏறிய பெரியவர் ஒருவர், 'இதி காரா, எத்துல பண்டியா' என்று கேட்டாராம். காரா, மாட்டு வண்டியா என்று கேட்கிறார். நைனா அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வீல் வளைந்திருக்கிறது என்றார். அம்மா யாரையும் கேட்கவில்லை, கண்பட்டுவிட்டது என்று தீர்மானித்து, வெள்ளிக்கிழமை காருக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். யார் என்ன சொன்னாலும் நைனா பொறுமையாகக் கேட்டு, "ஆமா, அப்பிடியும் இருக்கும்" என்று தலையாட்டினார். கடைசியில், புத்தூர் மெக்கானிக் பார்த்துவிட்டு என்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டும், மெட்ராஸ் வரை எல்லாம் இந்த வண்டி தாங்காது என்று சொன்னதாக ஒருநாள் வந்து சொன்னார். எந்த மெக்கானிக் என்று வீட்டில் யாருமே கேட்கவில்லை.

மெட்ராஸ் என்ற பேச்சு ஏன் வந்தது என்றால், அத்தைக்காக. நைனாவின் ஒரே தங்கை. கட்டிக்கொண்டவன் பம்பாய்க்கு வேலைக்கென்று போய், போனவன் போனவன்தான். நான்கு வருஷமாக அத்தை எங்கள் வீட்டில் இருந்துகொண்டு நகரியில் விசைத்தறி ஓட்டப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருஷம் நூல் விலை ஏறிப்போய்த் தறிகள் பாதி நாள் நின்றன. எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அத்தையும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள். அங்கே ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை.

எங்கள் தெருவில் இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. வெளிநாடு போகிற பெண்ணை வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் கூடவே போய் ஏர்போர்ட் வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும். தனியாகப் பஸ் ஏறிப் போனவளை ஓடிப்போனவள் என்பார்கள், அது அவள் திரும்பி வந்த பிறகும் போகாது. நைனாவும், தன் தங்கை தன் காரில்தான் போவாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கார் ஆடியதால் முதல் டிக்கெட் தேதி தவறிப்போனது. ஏஜெண்ட் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து, இந்தத் தேதியும் போனால் விசாவே போய்விடும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தத் தேதிக்கு இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தது.

அன்று காலை நைனா காரை ஸ்டார்ட் செய்து நகரிக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். அத்தை துணி துவைத்த கையைப் புடவையில் துடைத்தபடி வந்து பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு இடமாகக் கையை வைத்துப் பார்த்தாள். ஜுரம் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"ணா, நிக்கும்போதுதான் ஆடுது. ஓட ஆரம்பிச்சா அடங்குது. எஞ்சின் கெட்டிருந்தா ஓடும்போதுல்ல கெடணும்?" என்றாள்.

நைனா கோணியிருந்த பெருமாள் படத்தை நேராக்கினார்.

"எங்க தறியும் இப்டித்தான் குதிச்சிக்கினு இருந்துச்சி. மோட்டார் போச்சின்னு மோட்டார மாத்தனாங்க. அப்பறம் பாத்தா தறி காலுக்கு அடியில வச்ச ரப்பர் நசுங்கிப் போய்க் கீது. இதுக்கும் எஞ்சின் குந்தற எடத்துல எதனா ரப்பர் இருக்கும்."

பானெட்டைத் திறக்கச் சொன்னாள். நைனாவை டிரைவர் சீட்டிலேயே உட்கார வைத்து, கை பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விடச் சொன்னாள். நாங்கள் இருவரும் பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்தோம்.

நான் பார்த்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். அந்த என்ஜின் எழுந்தது. அத்தனை பெரிய இரும்பு, ஒரு பக்கம் தோளைத் தூக்கிக்கொண்டு, படுத்திருக்கும் எருமை எழ முயல்வதுபோல எழுந்து, நைனா கிளட்சை மிதித்ததும் தட்டென்று கீழே உட்கார்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தினமும் பள்ளிக்கூடத்துக்கு நான் ஏறிப் போகும் காருக்குள் இப்படி ஒன்று இருந்துகொண்டு, எழுவதும் உட்காருவதுமாக எங்களைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறதே என்று நினைத்தபோது பயமும் மரியாதையும் ஒன்றாக வந்தன. "இன்னொரு தபா" என்று கேட்டேன். நைனா இன்னொரு முறை விட்டார். மறுபடியும் எழுந்தது.

அத்தை வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோணிப்பையை விரித்துக் காருக்கு அடியில் போனாள். எங்கள் தெருவில் பெண்பிள்ளை காருக்கு அடியில் போய் அதுவரை யாரும் பார்த்ததில்லை. நானும் பின்னாலேயே தவழ்ந்து போனேன். என்ஜினின் ஒவ்வொரு பக்கமும் இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே கைப்பிடி அளவு ரப்பர் கட்டை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் அது எண்ணெயில் ஊறி, வெடித்து, தகட்டைவிட்டுத் தனியாகப் பிரிந்திருந்தது. மறுபக்கம் அதற்கும் மோசம். அத்தை விரலை அந்தப் பிளவுக்குள் விட்டுக் காட்டினாள். இவ்வளவு பெரிய ஆட்டத்துக்கு இவ்வளவு சின்ன ரப்பரா என்று எனக்கு வாயடைத்துப் போனது. அதைவிட, தறி ஓட்டுகிற எங்கள் அத்தை கையை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிட்டாளே என்பதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. சாமி வந்தவளைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, டிக்கியில ஜாக்கி இருக்கும், எடுத்துக்கினு வா" என்றாள்.

ஓடினேன். ஜாக்கியை இழுத்தபோது, ஸ்டெப்னி டயருக்கு அடியில் தெலுங்குப் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்று தட்டுப்பட்டது. பிரித்தேன். உள்ளே இரண்டு ரப்பர் கட்டைகள். புத்தம் புதுசு, தகடு பளபளவென்று இருந்தது, புது டயர் வாசனை அடித்தது. நான் சற்றுமுன் காருக்கு அடியில் பார்த்த அதே உருவம், வெடிப்பு மட்டும் இல்லை. சுற்றியிருந்த பேப்பர் பழுத்துப்போய், மடிப்பெல்லாம் தூசியாக இருந்தது.

"அத்தை, இங்கியே கீது" என்று இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் நின்றேன். வரம் வாங்கி வந்தவள்போல அத்தனை சந்தோஷம் எனக்கு.

அத்தை வெளியே வந்தாள். என் கையைப் பார்த்தாள். பேப்பரைப் பார்த்தாள். அப்புறம் டிரைவர் சீட்டில் இருந்த நைனாவைப் பார்த்தாள். நைனா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து நைனா இறங்கி வந்து, "தள்ளு, நான் மாட்றேன்" என்றார்.

என்ஜினின் அடிவயிற்றில் மரப்பலகை ஒன்றைக் கொடுத்து ஜாக்கியை வைத்து, மெல்ல மெல்லத் தூக்கினார். பலகை இல்லாவிட்டால் அடித்தகடு நசுங்கிவிடுமாம். பழைய ரப்பர்களைக் கழற்றிப் புதியதை வைத்துப் போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகினார். ஜாக்கியை இறக்கி, என்ஜினை ஸ்டார்ட் செய்து அது தன் பாட்டுக்கு உட்காரும்வரை விட்டுவைத்து, அணைத்துவிட்டு, அதன் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தார். தேடாமல், தடுமாறாமல், அடுத்தது எது என்று கை தானே அறிந்ததுபோல எல்லாம் நடந்தது. எங்கள் நைனாவுக்குத் தெரியாத வேலையே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி போல்ட்டை முறுக்கும்போது, போல்ட்டின் மறுமுனையை இன்னொரு ஸ்பேனரால் பிடித்திருந்த அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"போவாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல ணா?"

"சொன்னா நீ நின்னுடுவ" என்றார் நைனா. "நின்னா உனுக்கு இங்க இன்னா இருக்குது? அதான் சொல்லல."

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. யாரோ நிற்கிற பேச்சு, யாரோ போகிற பேச்சு என்று விட்டுவிட்டேன். என் கவனமெல்லாம் காரில் இருந்தது. ஸ்டார்ட் செய்தார். கண்ணாடிகள் அசையவில்லை. பானெட்டில் கையை வைத்தேன், தூங்குகிறவர் மார்பு மாதிரி மெல்லிய அதிர்வு மட்டும் இருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு, அப்படியொரு பிரமிப்பு.

அன்று முழுவதும் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எங்கள் நைனா ரப்பரை எப்போதோ வாங்கி ரெடியாக டிக்கியில் வைத்திருந்தார், அவருக்கு முன்னாடியே எல்லாம் தெரியும் என்று. எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன், வாத்தியாரிடம் சொன்னேன். அத்தை பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமே போய்ச் சொன்னேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு மறுபடியும் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் திருத்தணி தாண்டி, திருவள்ளூர் தாண்டிப் போனோம். முன்னால் நைனாவும் அம்மாவும், பின்னால் அத்தையும் நானும். கார் எண்ணெய் போட்டாற்போல வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு நல்ல வண்டியில் யாருமே வாயைத் திறக்கவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஏர்போர்ட் வாசல்வரைக்கும் ஒவ்வொரு ஊர் வந்தபோதும் நைனாவின் தோளைத் தட்டி, "நல்லா ஓடுது இல்ல நைனா, நல்லா ஓடுது இல்ல" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் "ஆமா பாப்பா" என்றார்.